லிஃப்ட் மெக்கானிக்கின் சூரியன்

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் வெளிச்சமில்லாத குழியிலும் மோட்டார் அறையிலும் கழியும். மாலையில் மோட்டாருக்கு கிரீஸ் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு வந்தால், எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். போனில் ஒரு படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சூரியனைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒளிவட்டம் விழுந்திருக்கும். சொந்தபந்தம் மொத்தமும் வாயைப் பிளக்கும். பெரியம்மா கும்பிடு போடுவார். ஒருவர்கூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை.

ஒருநாள் மனைவி போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, லென்ஸ் பூரா கிரீஸ்! இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளா படம் எடுத்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, பளிச்சென்று துடைத்துக் கொடுத்தாள்.

அன்று மாலை எடுத்த படத்தில் எல்லாமே துல்லியம்: சூரியன், தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த ஆன்டெனா, யாரோ காயப்போட்ட போர்வை. ஒளிவட்டம் மட்டும் இல்லை.

குழுவில் பெரியம்மாவின் கும்பிடுகூட வரவில்லை. கடைசியில் மச்சினன் கேட்டான்: "என்ன மாமா, போன் கெட்டுப்போச்சா?"

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் வழக்கம்போலக் கைகளைப் பழந்துணியில் அழுத்தித் துடைத்தார். கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தார்.