பார்படோஸ்காரர் கையில் தந்த பட்டக் கயிறு

இது 2009ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்கட்கிழமை, லண்டன் எட்மண்டனில் நடந்தது. மறுநாள் சித்திரை வருடப்பிறப்பு. ஆனால் அந்த வருடம் எங்களுடைய ஆட்கள் யார் வீட்டிலும் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. இலங்கையில், ஊரில், சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. என் கணவரின் தங்கை குடும்பத்தோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இவர் ஜெர்மனியில் இருந்த காலத்திலிருந்தே குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை செய்கிறவர். நல்ல வாயாடி. போகிற வீட்டுக்காரரோடெல்லாம் அரைகுறை இங்கிலீஷில் கதைத்துக் கதைத்தே சுவரை முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டார். வேலைக்குப் போவார். முடிந்ததும், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடி நிற்கிற சனத்தோடு போய் நிற்பார். வீட்டுக்கு வந்து சோற்றைக் கிளறிவிட்டு எழும்பிவிடுவார். நான் ஏதாவது கேட்டால் ஒரு "ம்". தங்கையின் பேரை எடுத்தால் அதுவும் இல்லை.

அன்று பேங்க் ஹாலிடே. எனக்கும் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு ஈஸ்டர் லீவு. நான் மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பால் வாங்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். கீழே வந்து பார்த்தால் அவருடைய போன் மேசையில் கிடக்கிறது. ஜாக்கெட் கொழுவியபடியே தொங்குகிறது. இரவும் பகலும் கையை விட்டு இறக்காத போன் அது. தங்கையிடமிருந்து அழைப்பு வந்தால் தவறிவிடும் என்று குளியலறைக்குக்கூடக் கொண்டு போகிறவர், அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

லீ ஆறு எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் இல்லை. நினைக்கக்கூடாததெல்லாம் நினைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே தெருவில் இறங்கி ஓடினேன்.

சந்தியில் தமிழ்க் கடை வைத்திருக்கிறவர் வாழைப்பழப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, எங்கட அவரைக் கண்டனீங்களோ?"

"ஓமக்கா, கொஞ்சம் முந்தித்தான் இதால வந்தவர். கூப்பிட்டனான், திரும்பியும் பாக்கேல்லை. பார்க் பக்கமாப் போனவர். என்னக்கா, ஏதும் பிரச்சினையோ?"

பதில் சொல்லவும் நிற்கவில்லை. பார்க்குக்கு அந்தப் பக்கம்தான் ஆற்றுக்குப் போகிற பாதை.

பார்க் வாசலுக்குள் கால் வைத்ததும் ஒரு சத்தம் கேட்டது. பெரிய வண்டு ஒன்று காதுக்குள் புகுந்ததுபோல, விடாமல் ஒரு ரீங்காரம். யாழ்ப்பாணத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். பட்டத்தின் தலையில் வில்மாதிரி வளைத்து நாடா கட்டுவார்கள். அதற்குப் பெயர் விண். காற்றுப் பட்டதும் அது கூவும். தைப்பொங்கல் காலத்தில் ஊர் முழுக்கக் கேட்கிற அந்தச் சத்தம் எட்மண்டனில் எப்படி?

நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் கலந்த ஆறு மூலைப் பட்டம் ஒன்று, துணிக் கிழிசல்களைக் கோத்த நீள வாலோடு மேலே நின்று கூவியது. கயிறு வழியே கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால், அதன் நுனியில் என் கணவர் நிற்கிறார்.

பக்கத்தில் உயரமான கறுப்பினத்தவர் ஒருவர், அறுபது வயது இருக்கும், இவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறார். கொஞ்சம் தள்ளிப் புல்லில் விரித்த போர்வையில் அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும். இவருடைய முகம் முழுக்கக் கண்ணீர். துடைப்பதற்குக் கை இல்லை. இரண்டு கையிலும் கயிறு.

நான் மூச்சு வாங்க ஓடிப்போய், "என்னப்பா இது, சொல்லாமக் கொள்ளாம..." என்று தொடங்கினேன். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "இவர் உங்களுடைய ஆளா, டார்லிங்? நல்லாக இருக்கிறார், பயப்படாதீர்கள்" என்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவர் உலகத்தில் எல்லோரையும் டார்லிங் என்றுதான் கூப்பிடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என்ன நடந்தது என்று அவரே மெதுவாகச் சொன்னார். அவர் பார்படோஸ் தீவுக்காரர். இளம் வயதில் வந்து லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்களுடைய தீவில் ஈஸ்டர் என்றாலே பட்டம்தானாம். அதனால் எந்த வருடமும் அந்த நாளில் குடும்பத்தோடு பார்க்குக்கு வந்துவிடுவாராம். அன்று பட்டம் மேலே ஏறிக் கூவத் தொடங்கியதும், ஜாக்கெட் இல்லாமல் ஒருவர் ஆற்றுப் பாதையிலிருந்து திரும்பி நேராக அவரிடம் வந்து நின்றிருக்கிறார். மேலே பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

"அழுகிற மனிதருக்கு என்ன கொடுப்பது? என் கையில் இருந்தது இந்தக் கயிறு மட்டும்தான். அதைக் கொடுத்தேன்" என்றார் அவர், சாதாரணமாக.

நான் ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காற்று விழுந்துவிட்டது. பட்டம் தலையை ஆட்டிக்கொண்டு மரங்களின் பக்கம் சரியத் தொடங்கியது. மகள்மார் கத்தினார்கள். அந்த மனிதர் "இழு மேன், இழு!" என்றார். இவர் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே பின்னால் ஓடினார். ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, "இஞ்ச வா! கயித்தைச் சுத்து! சிக்கப் போகுது, கெதியா!" என்று கத்தினார்.

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய முழுக் குரல் அது. வீட்டுச் செருப்பு சேற்றில் வழுக்க, நான் பின்னால் ஓடி ஓடிக் கயிற்றைச் சுற்றினேன். பட்டம் மர நுனியைத் தொட்டுக்கொண்டு போய், காற்றைப் பிடித்து, மறுபடியும் ஏறியது. போர்வையில் இருந்த பார்படோஸ்காரரின் மனைவி கை தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு இரண்டு ஆண்களும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களிடம் இன்னொரு பட்டம் இருந்தது. அது ஒரு பக்கமாகவே சாய்கிறதாம். இவர் அதை மடியில் வைத்து, பட்டத்தை நேராகப் பிடிக்கிற முச்சைக் கயிற்றை அவிழ்த்து அளந்து கட்டினார். தங்கள் தீவில் இரவில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டு, அது கூவுவதைக் கேட்டபடியே தூங்குவோம் என்று பார்படோஸ்காரர் சொன்னார். இவர் நிமிர்ந்து, "நாங்களும்!" என்றார். இங்கிலீஷில் அல்ல, தமிழில். அவருக்கு அது விளங்கியது.

முடிச்சைப் பார்த்தபடியே இவர் என்னிடம் சொன்னார்: "எனக்குப் பட்டம் தூக்கி விடுறது அவள்தான். நான் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். அவள் தன்னை விடப் பெரிய பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள்ள ஓடுவாள். விடு எண்டு நான் கத்துமட்டும் விடமாட்டாள்." பிறகு தங்கையின் பேரைச் சொன்னார். ஒருமுறை சொல்லி, திரும்பவும் சொன்னார். வன்னியில் என்ன நடக்கிறது என்பதை அந்த மனிதருக்கு அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவளுடைய பெயரை மட்டும் தானும் ஒருமுறை சரியாக உச்சரித்துப் பார்த்தார்.

அந்த அம்மா மீன் பணியாரமும் தேங்காய்ப்பூப் போட்ட இனிப்புப் பாண் ரொட்டியும் எடுத்து வைத்தார். நான் இவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"பசிக்குதப்பா" என்றார்.

அதைவிட இனிமையான ஒரு சொல்லை நான் லண்டனில் இன்னும் கேட்கவில்லை. மூன்று பணியாரம் சாப்பிட்டார். எங்கள் மீன் கட்லட் மாதிரியேதான் இருந்தது, உறைப்புக்கூட. வெயில் இறங்கியதும், பார்படோஸ்காரர் தன் கார்டிகனைக் கழற்றி இவருடைய தோளில் போட்டு, வீட்டு விலாசமும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார்: "எங்க போறனெண்டு எனக்கே தெரியேல்லை. கால் போச்சுது. சத்தம் கேட்டுது, திரும்பினன்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் சோறும் பருப்பும் வைத்து, கொஞ்சம் பாயாசமும் காய்ச்சினேன். எப்படியும் வந்து சாப்பிடுவாள் என்று தங்கைக்கும் ஒரு இலை போட்டோம். அதற்குப் பிறகு வந்த, சண்டை முடிந்த வைகாசி மாதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆடி மாதம் ஒருநாள், வன்னியிலிருந்து வந்த சனத்தை வைத்திருந்த முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் அவளுடைய குரல் வந்தது. அவளும் மகளும் உயிரோடு இருந்தார்கள். அவளுடைய கணவர் இல்லை. இவர் நடு வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தப் பார்படோஸ்காரர் வீட்டுக்குச் சொல்லப் போனார். கதவைத் திறந்தவர் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தங்கையின் பெயரைத்தான் முதலில் சொன்னாராம்.

இப்போது ஈஸ்டர் திங்கள் எங்கள் வீட்டிலும் ஒரு பெருநாள். பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு பார்க்குக்குப் போவோம். ஜீசஸுக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்பார். பொங்கலுக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மனமுடைந்து நிற்கிறவர்களைக் கண்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு பேச்சும் இல்லாமல் என் கணவரை எனக்குத் திருப்பித் தந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன்.