செருப்புக் கடைப் பொட்டலங்கள்

இரண்டாயிரங்களின் கடைசியில் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். என் வேலையை அம்மாவிடம் இப்படித்தான் சொல்வேன்: ஒரு சின்னத் தகடு, அதன்மேல் வனேடியம் ஆக்சைடு படலம், அதற்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத தங்க வளையங்கள். டெராஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டிப் போகும். ஏறத்தாழ அறுபத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்கினால் படலம் உலோகம்போல் மாறி அலையை மறிக்கும். ஆறினால் வழிவிடும்.

"அப்ப சுவிட்சுன்னு சொல்லேன்" என்பாள் அம்மா. அதேதான்.

அந்த அலைக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள ஈரம் அதைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? ஈரக் காற்றை வெளியேற்ற உலர்ந்த நைட்ரஜன் சிலிண்டர் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் ஆபீசில் தூங்கியது. ஆய்வகத் தோழியின் அண்ணன் தாம்பரத்தில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஷூ பெட்டிக்குள் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதைப் பை நிறையச் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். தகடு இருந்த பெட்டிக்குள், ஹீட்டரைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் அடுக்கினேன்.

சூடேற்றினேன். அலை மளமளவென்று குறைந்தது. ஆறவிட்டேன், திரும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். திங்கட்கிழமை கருத்தரங்கில் அதைப் பேசப்போவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தோழி வரைபடத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி, நாப்பது டிகிரிலயே குறைய ஆரம்பிக்குது? படலம் இல்லாத வெறும் தகட்ட வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. முதலில் செய்ய வேண்டியதே அதுதான். அவள்மேல் சுள்ளென்று கோபம் வந்தது. வெறும் தகட்டை வைத்துச் சூடேற்றினோம். அதுவும் அலையை அப்படியே மறித்தது. பொட்டலங்கள் உறிஞ்சி வைத்திருந்த ஈரத்தையெல்லாம் ஹீட்டர் சூட்டில் பெட்டிக்குள்ளேயே கக்கிக்கொண்டிருந்தன. இரண்டு வாரமாக நான் அளந்தது சென்னையின் புழுக்கத்தை.

திங்கள் தாண்டும்வரை வாயைத் திறக்காமல் இருக்கலாமா என்று நினைத்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். பிறகு போய்ச் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கும்மா. திரும்ப அளந்து பாருங்க. வரலன்னா அந்த ஸ்லைட எடுத்துடறேன்."

சனிக்கிழமை பொட்டலங்களை எல்லாம் வெளியே எடுத்தோம். வெறும் தகட்டைச் சூடாக்கியபோது அலை குறையவில்லை. படலமுள்ள தகடு அறுபதைத் தாண்டும்வரை சும்மா இருந்தது, அறுபத்தெட்டில் அலை விழுந்தது. பழைய வீழ்ச்சியில் கால்வாசிகூட இல்லை. ஆறவிட்டோம். அறுபத்தைந்துக்கு வந்தும் அலை திரும்பவில்லை. அறுபதுக்குக் கீழே போன பிறகுதான் மெல்ல ஏறியது. மாறிய அதே சூட்டில் இந்தப் படலம் திரும்பாது, இன்னும் ஆறிய பிறகே திரும்பும். பொட்டலத்து ஈரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. இது படலத்தின் வேலையேதான். நான் அழுதேவிட்டேன்.

வரைபடத்தில் விழுந்த அந்தச் சின்ன வளைவுதான் திங்கட்கிழமை மேடையேறியது. பின்னால் என் ஆய்வேட்டுக்கும் அதுவே அடிப்படை ஆனது.

அடுத்த வாரம் செருப்பு வாங்கப் போனபோது தோழியின் அண்ணன் ஆசையாகக் கேட்டார்: "நம்ம பாக்கெட்லாம் யூஸ் ஆச்சாம்மா?"

பேராசிரியரிடம் உண்மை சொல்ல வந்த தைரியம் அவரிடம் வரவில்லை.

"ரொம்ப உதவியா இருந்துச்சுண்ணா."

அவர் முகம் மலர்ந்துபோய், கல்லாவுக்குக் கீழே குனிந்து இன்னொரு பையை எடுத்தார்.