சம்மதம் சொல்லப் போன பஸ்ஸில் ஒரு கோர்ட்டுப் படம்

விவாகரத்து மனுவில் நான் கையெழுத்துப் போட்டது கோபத்தில். என் காரியம் எல்லாமே அப்படித்தான். எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராகக் கூலி ஆட்களை அதட்டிப் பழகிய முகத்தைக் கழற்றி வைக்காமல் வீட்டுக்குள்ளும் கொண்டுபோனவன் நான். காத்திருப்புக் காலம் முடிந்து, சேலம் குடும்ப நீதிமன்றத்தில் நானும் மனைவியும் கடைசியாக ஒரு தரம் சம்மதம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. ஒருவர் மறுத்தாலும் மனு நின்றுவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவள் மறுக்க மாட்டாளா என்று ஏங்கினேன். நானே மறுக்கலாம்தான். வீம்பு விடவில்லை.

ஏற்காடு பஸ் நிலையத்தில் திங்கட்கிழமைக் கூட்டம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். ஏறிய பிறகுதான் பார்த்தேன், இரண்டு பேர் சீட்டுக்கும் சேர்த்து வீசியிருந்தேன். பதினோரு வருடப் பழக்கம், கை கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றும், ஜன்னலோரம் வேண்டும். செம்மநத்தத்தில் தன் அம்மா வீட்டிலிருந்து ஜீப்பில் வந்தவள், உட்கார இடமில்லாமல் என் சீட்டருகே வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஆராச்சும் வராங்களா?"

"இல்ல. உக்காரு."

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்தாள். பஸ் டிவியில் ஒரு கோர்ட்டுப் படம். திருட்டுப்போய்க் கிடைத்த சேவலுக்காக இரண்டு வக்கீல்கள் வாதாடுகிறார்கள். கோர்ட்டுக்குள்ளே சண்டை, வெளியே டீக்கடையில் அவர்களுக்குள்ளேயே காதல். கூண்டில் நிற்கும் சேவல், வக்கீல் பொய் சொல்லும்போதெல்லாம் கூவுகிறது. நீதிபதி அதட்ட, அவரைப் பார்த்தும் கூவியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான், அடிவாரம் வருவதற்குள் மடையன் நான் மனசுக்குள் மறுபடியும் குடித்தனமே நடத்திவிட்டேன்.

கோர்ட்டில், சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று நீதிபதியம்மா கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"பஸ்ஸுல பக்கத்துலதானுங்க உக்காந்து வந்தோம். படம் பாத்து ரெண்டு பேரும் சிரிச்சமுங்க."

"அப்படியாம்மா?"

"ஆமாங்க. நொம்ப நாளைக்கப்பறம் சிரிச்சேனுங்க."

எனக்கு மூச்சு வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஆனா இவரு சிரிச்சு இன்னிக்குத்தானுங்க பாக்கறேன். பதினோரு வருசம் ஒரே ஊட்டுல இருந்தமுங்க. இவருக்குச் சிரிக்கவே வராதுன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். வருதுங்களே, ஊட்டுல மட்டுந்தான் வரலீங்க. பிரியறதுக்கு எனக்குச் சம்மதமுங்க."

அவள் அழவில்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். மறுக்க இன்னும் வழியிருந்தது. மறுத்து, அவளை மறுபடி என் எந்த முகத்தின் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பது?

"சம்மதமுங்க" என்றேன். அவளைப் பற்றி நான் கோபமில்லாமல் எடுத்த ஒரே முடிவு அதுதான்.