தயவுகூர்ந்து நிரப்பவும்

"அண்ணா, மறுபடியும் வெளிய தள்ளிடுச்சு," என்றார் எஸ்தர். அது மூன்றாவது முறை. மணி இரண்டே முக்கால். விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

இணையதள வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனர், திருப்பூரில் பனியன் மடிப்பு, பெங்களூரில் ஓட்டல் என்று எங்கும் ஓராண்டு தங்கியதில்லை. சாப்பாடு இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. கடைசியாக உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் எதிரில் மனு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் டைப்பிங் வேகமாக வரும் என்பதால் தயாளன் சார் தன் சிறிய கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். ஓர் அரசுத் துறையின் இணையதளத்தைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்றும் கான்ட்ராக்ட் அவரிடம் இருந்தது.

1. பச்சை டிக்

பார்வையற்றவர்கள் போனில் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பார்கள். திரையில் விரல் பட்ட இடத்தில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். அதற்காக விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் நாம் ஒரு லேபிள் எழுத வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும்தான். முப்பத்திரண்டு கட்டங்களுக்கும் நான் எழுதினேன். தளத்தைத் தானாகச் சரிபார்க்கும் செக்கர் டூலில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பச்சை டிக். சார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். தளத்தையும் திறந்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சோதித்துப் பார்க்க ஆள் தேடினோம். பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்திலிருந்து பஸ் பிடித்து எஸ்தர் வந்தார். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்தவர்.

"டெஸ்ட்டுன்னு சும்மா இன்னாத்த போடறது? என் சொந்த அப்ளிகேஷனையே போடறேன்," என்றார்.

சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கம்ப்யூட்டர் பயிற்சிக்கான விண்ணப்பம் அது. அவருடைய அண்ணனுக்கு இதில் இஷ்டமில்லை. "வூட்ல சோறு கீது, எதுக்குப் போவணும்னு கேக்கறான். அவங்கிட்டயே போனைக் குடுத்து ரொப்பித் தான்னு கேக்க முடியுமா?"

2. மனு எழுதும் கை

பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் தளம் ஆளை வெளியே தள்ளிவிடும். அது துறை வைத்த விதி. மூன்றாவது முறை தள்ளியதும் நான் கை நீட்டினேன்.

"குடும்மா, நான் போட்டுத் தரேன். அஞ்சு நிமிஷ வேல."

"நீங்க போட்டா, நான் கம்முனு குந்திக்கினு இருந்தேன்னு ஆவும். அதுக்கு எங்கண்ணனே போதுமே. மொதல்ல இத்த கேளுங்க."

காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, போனின் பேச்சு வேகத்தைக் குறைத்தார். போன் படித்தது: "மதிப்பிற்குரிய விண்ணப்பதாரர் அவர்கள் தயவுகூர்ந்து தங்களது ஆவணங்களில் கண்டுள்ளவாறு தங்களது தந்தையார் பெயரை இவ்விடத்தில் நிரப்பவும்."

அடுத்த கட்டம்: "மதிப்பிற்குரிய விண்ணப்பதாரர் அவர்கள் தயவுகூர்ந்து…"

"எம்மா நேரம் கும்பிடு போட்டுக்கினே இருக்கும் இது? கடைசி வரைக்கும் கேட்டாத்தான் அப்பா பேரா, ஊர் பேரான்னே தெரியுது. எந்த மகராசன் எழுதனது?"

"நான்தாம்மா."

"நெனச்சேன். கேட்டாலே தெரியுது, மனு எழுதற கையி."

மனுவில் பணிவு எவ்வளவு இருந்தாலும், படிக்கிற அதிகாரியின் கண் அதைத் தாண்டி விஷயத்துக்குப் போய்விடும். காதால் அப்படித் தாண்ட முடியாது. திரையில் எனக்கு "தந்தை பெயர்" என்று இரண்டே சொல். மரியாதை என்று நினைத்து அவர் தலையில் பன்னிரண்டு சொல்லைக் கட்டியிருந்தேன். லேபிள் இருக்கிறதா என்றுதான் டூல் பார்க்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

தயாளன் சாருக்குப் போன் போட்டேன். "அதான் எல்லாம் பச்சையா கீதே. லைவ் சைட்ல கைய வெச்சு எதுனா ஆச்சுன்னா துறைக்காரங்க என்னை உரிச்சிடுவாங்கயா," என்றார்.

எஸ்தர் என் போனை வாங்கிக்கொண்டார். "சார், உங்களுக்குப் பச்சையா கீது. எனக்கு இன்னா கலர்ல கீதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சார் சொன்னது எனக்கும் கேட்டது. "அவன்கிட்ட சொல்லும்மா. பழசை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கினு மாத்தச் சொல்லு."

3. முப்பத்திரண்டு கட்டம்

நான் மாற்ற மாற்ற எஸ்தர் தொட்டுக் கேட்டார். பெயர். தந்தை பெயர். பிறந்த தேதி. "'கைபேசி எண் இங்கே'ன்னு கீது. 'இங்கே' எதுக்கு? வேற எங்க போய் போடப் போறேன்?" அதையும் எடுத்தேன். முடிக்கும்போது நாலு இருபது.

அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனைப் பழைய வேகத்துக்குக் கொண்டுபோய், நான்காவது முறை ஆரம்பித்தார். பதினோராவது நிமிடத்தில் விரலை எடுத்தார். விண்ணப்ப எண் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

நான் பேனாவை எடுத்தேன். "நம்பரைச் சொல்லும்மா, எழுதித் தரேன்."

"வேணாம்ணா. மனப்பாடம் ஆயிடுச்சு."

அவருக்கு இடம் கிடைத்தது. இப்போது சென்னையில் இருந்தபடியே எங்கள் தளங்களை அவர்தான் சோதிக்கிறார். அவர் கேட்டுச் சரி என்ற பிறகுதான் டூலை ஓட்டுகிறோம். நீங்களும் லேபிள் எழுதினால், கண்ணை மூடிக்கொண்டு முதலில் கேட்டுப் பாருங்கள். எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை செய்தேன். இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்தவர் எஸ்தர். அவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

அந்த விண்ணப்ப எண் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.