மடக்கிய விரல்

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது வெம்பி விழுந்துவிடுமா? விஞ்ஞானம் படித்த எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

கொடிகாமத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் ஒருவர் வத்தகப்பழம், அதுதான் தர்பூசணி, பயிர் செய்தார். உயர்ந்து மெலிந்தவர், வெயிலில் வெளிறிய நீலத் தொப்பி. நாற்று நட்ட நாளிலிருந்தே வேலியோரம் நின்று பார்ப்பேன். இலை நனையாமல் அடியில் மட்டும் தண்ணீர் விடுவார். கொடியில் எதைக் காட்டினாலும் சுட்டுவிரலை மடக்கியே காட்டுவார்.

"நீட்டினா பிஞ்சு நிக்காது, தங்கச்சி."

என் கவலை வேறு. ஒன்றரை வயதாகியும் என் மகள் பேசவில்லை, எதையும் விரலால் காட்டவுமில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்டார்கள்.

கொடியில் பிஞ்சு பிடித்திருந்த ஒரு காலை, என் இடுப்பிலிருந்தபடி அவள் ஒரு பிஞ்சை நோக்கி விரலை நீட்டி, "ஆ!" என்றாள். முதன்முறையாக! ஆனாலும் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"விடுங்கோ, காட்டட்டும்" என்றார் அவர்.

"அண்ணை, உங்கடை பயிரெல்லோ?"

"ஓம். விழுந்தா மகளிட்டை வந்து நட்டஈடு கேக்கிறன்."

பிஞ்சு விழவில்லை. இப்போது வைக்கோலின் மேல் பந்தளவில் கிடக்கிறது. மகள் தினமும் அதைக் காட்டுகிறாள், அவரைப் பார்த்துப் பழகி விரலை மடக்கிக்கொண்டு. அவரோ, அவளுக்குக் காட்டும்போது மட்டும் விரலை நீட்டுகிறார்.

நான் அவளுக்கு எந்த விரலைப் பழக்குவது? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.