ஜெயமேரி அக்கா அடித்துக் கொடுத்த வரி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "ஜெயமேரி அக்கா பூட்டாங்கண்ணா. மத்தியானம் எடுக்கறாங்க. வர்றியா?" ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத என் தம்பி முருகனின் குரல். அக்கா போனதற்குக் கலங்கினேனா, அவன் கூப்பிட்டதற்கா என்று இன்னும் தெரியவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய்வந்த உங்களுக்கு அக்காவைத் தெரியும். கோர்ட் வாசலில், ஒரே தகரக் கூரையின்கீழ் இரண்டு டைப்ரைட்டர்கள். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. 'இன்னாருக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை' என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள் அவரிடம்தான் மாட்டுவார்கள். எழுதி வந்த தாளை வாங்க மாட்டார். "வாயால சொல்லு. பேரோட சொல்லு" என்பார். பெற்ற மகனின் பெயர் தொண்டையில் சிக்கி, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் திரும்பியதே இல்லை. வந்த கிராக்கியை விரட்டுகிறாரே என்று நான் முணுமுணுப்பேன்.

"நெலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு எழுதலாம் நைனா. ஆளுக்கு எழுதுனா பொய்யாப் பூடும். சம்பந்தமே இல்லாதவன் பேர எவனாச்சும் பேப்பர்ல போடுவானா?"

ஒன்பது வருடத்துக்கு முன், தொண்ணூற்றெட்டில், அதே வரியோடு நானே அவர் முன்னால் நின்றேன். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்த முருகன், கூட வேலை செய்த காலனிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். விளம்பரம் கொடுக்காவிட்டால் தங்கைக்கு வரன் அமையாது என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். அச்சரப்பாக்கம் காலனியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற அக்காவிடமே இதை அடிக்கச் சொல்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அக்கா வழக்கம்போலக் கேட்டார். நான் பேரோடு, தடங்கலில்லாமல் சொன்னேன். ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். அன்று மட்டும் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

மறுநாள் வந்தார். கம்ப்யூட்டர் வந்து தொழில் படுத்த பிறகும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, "கார்பன் காப்பி எங்கிட்டதான் கீது. கிழிச்சிடட்டா?" என்பார். "இருக்கட்டும்" என்பேன். தம்பிமேல் இருந்த கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. தேடிப்போய்ப் பேச வேண்டுமே என்ற அலுப்புதான் மிச்சம்.

சென்ற செவ்வாய் மதியம்தான் முதல்முறையாக அவர் வீட்டுக்குள் போனேன். முருகனின் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன். வருடந்தோறும் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் அங்கே வந்துபோனதும் அப்போதுதான் தெரிந்தது. கல்லறையில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தவனைக் காட்டி, பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "அவரு யாரு? உங்களுக்கு வேண்டியவரா?"

"முருகன். என் தம்பி" என்றேன். அந்தப் பெயரைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது முருகன் ஒரு மடித்த தாளைக் கொடுத்தான். "அக்கா உங்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. கிழிச்சிடுண்ணா."

கிழிக்கவில்லை. என் மேசையில்தான் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொன்னதைக் காதால் கேட்டவர் அக்கா ஒருவர்தான்; இனி இந்தத் தாள்தான் சாட்சி.