லென்ஸ் இல்லை என்றது கேமரா

எங்கள் தெருவில் அவரைத் திருகாணி அக்கா என்போம். அவர் கை சும்மா இருக்காது. பாட்டில் மூடியோ, ரேடியோ குமிழோ, எது அகப்பட்டாலும் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை மெல்லத் திருகிக்கொண்டே இருக்கும். பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். பட்டப்பெயர் வைத்ததற்கு அவர் கோபித்துக்கொண்டதில்லை. "திருகாணி இல்லன்னா தோடு தெருவுலதான் கெடக்கும், தெரியும்ல?" என்பார்.

விரலுக்கு அந்தப் பழக்கம் வந்தது லென்ஸ் வளையத்தால். அக்காவின் கணவர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுத் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டு வெளியே வரும் ஜோடிகளை அந்த அலுவலகத்து மரப்படிக்கட்டில் நிறுத்திப் படம் எடுப்பார். இருட்டான படிக்கட்டு. மேலே ஒரே ஒரு ஜன்னல். ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்று அலுவலகத்தில் கண்டிப்பு. அந்த மங்கல் வெளிச்சத்திலும் அவர் படங்களில் முகங்கள் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் இருக்கும். அதற்குக் காரணம் அவரிடம் இருந்த பழைய லென்ஸ்கள்தான் என்று ஊரே பேசியது. அவர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை. மோட்டார் கிடையாது, தானாக எதுவும் நடக்காது. ஃபோகஸ் வேண்டுமென்றால் வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும்.

கடைசி மூன்று வருடங்களில் சர்க்கரை நோய் அவர் பார்வையைத் தின்றுவிட்டது. வெளியே சொல்லவில்லை. படிக்கட்டில் ஜோடிக்குப் பக்கத்தில் நின்று, மாப்பிள்ளையின் காலரைச் சரி செய்து, பெண்ணை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். கேமராவுக்குப் பின்னால் நின்றது அக்கா. "ஃபோகஸ எங்க வீட்டம்மா பாத்துப்பாங்க" என்பார், மேசையைத் துடைக்கிற வேலையைச் சொல்வதுபோல. வந்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். படத்தின் மூலையில் விழுந்த முத்திரையில் அவர் பெயர் மட்டும். அக்கா அப்போது அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் சிரிக்க வைக்காவிட்டால் தான் என்னத்தை எடுத்திருக்க முடியும் என்றுதான் நினைத்தார்.

கணவர் போன பிறகு ஸ்டுடியோ கொழுந்தனார் கைக்கு வந்தது. அதுவரை பிரிண்ட் போடுவதும் சட்டம் அடிப்பதும் அவர் வேலை. மோசமான ஆள் இல்லை. ஆனால் எதையும் அலங்காரம் பண்ணிப் பார்க்கிற ஆசை உண்டு. அண்ணனின் லென்ஸ்களை ஒரு கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்து, உள்ளே சின்ன விளக்குப் போட்டு, மேலே 'அண்ணனின் கண்கள்' என்று எழுதி ஒட்டினார். பூட்டும் போட்டார்.

அக்கா போய்க் கேட்டார். "தம்பி, ஒரே ஒரு லென்ஸ் குடுங்க. கேமரா எங்கிட்ட இருக்கு. படிக்கட்டு வேலைய நான் பாத்துக்கறேன்."

"அண்ணி, இதெல்லாம் அண்ணன் ஞாபகார்த்தம். எடுத்துப் புழங்கினா தேஞ்சு போயிரும்."

"புழங்கத்தான அவர் வாங்கினாரு?"

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். கடைசியில் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வளையம் கல்லாகச் சமைந்திருந்தது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார் அக்கா. அவர் அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பூஞ்சை மேல் பூச்சையே அரிச்சிருச்சும்மா. தொடச்சாலும் தழும்பு நிக்கும். நல்லதா ஒரு பழசு தேடுனீங்கன்னா யான விலை சொல்றான். இப்ப கைல திருகுற லென்ஸையே புதுசா செஞ்சு விக்கறாங்களே, அத வாங்கிட்டுப் போங்களேன்."

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் போனில் தேடிப் பிடித்தாள். "பாரும்மா, இரும்பு உடம்பு, கை வளையம், அப்பா வச்சிருந்த மாதிரியே. உன் கேமராவுக்கும் இதுக்கும் நடுவுல இணைப்பு வளையம் எதுவும் மாட்ட வேணாம், நேராப் பொருந்தும். முக்கியமா, உனக்கு முன்னாடி யாரும் இதத் தொட்டதில்ல. யார்கிட்டயும் போய் நிக்க வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அக்காவை அசைத்தது. வாங்கிவிட்டார். ஏதோ பெயர் தெரியாத சின்னக் கம்பெனி. பழையவற்றோடு ஒப்பிட்டால் விலை கொசுறு.

பெட்டி வந்த அன்று மாட்டி, பொத்தானை அழுத்தினார். கேமரா படம் எடுக்கவில்லை. திரையில் 'லென்ஸ் இல்லை' என்று எழுத்து வந்தது. அந்த லென்ஸுக்குள் சிப் எதுவும் கிடையாதாம். அதனால் அப்படி ஒன்று மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாதாம். அதற்கென்று ஒரு அமைப்பை மாற்ற வேண்டும் என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"இல்லைங்கறதுக்கு இது யாரு?" என்றார் அக்கா. "இருக்குன்னு நான் சொல்றேன். மாத்து."

அடுத்த வாரம் படிக்கட்டுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே நிற்கும் புகைப்படக்காரர்கள் லென்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். "பொம்மைக்குச் சாவி குடுத்தாச்சாக்கா?" என்றார் ஒருவர்.

"குடுத்தாச்சு. கொஞ்சம் நகருங்க, பொம்மைக்கு மறைக்குது."

வாய் வீரமாகப் பேசிவிட்டதே தவிர, அன்றைக்கு வேலை சொதப்பியது. பழைய லென்ஸ் வலப்பக்கம் திருகினால் கிட்டே வரும். இது இடப்பக்கம். ஆண்டுக்கணக்கில் ஊறிய விரல் தப்பான பக்கமே ஓடியது. முதல் ஜோடியின் படத்தில் பெண்ணின் காது துல்லியமாக இருந்தது, கண் கலங்கலாக இருந்தது. அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "காது நல்லா வந்திருக்கு" என்றாள். அக்கா கூலி வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராக ஃபோகஸ் பண்ணத் தொடங்கினார். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் ஊசி, மகளின் துள்ளுகிற பேனா, பேருந்தில் ஏறுகிறவர்களின் முகம். எதையும் விடவில்லை. "அம்மா, நான் சாப்பிடறதையாவது விடேன்" என்று மகள் கெஞ்சினாள்.

விரல் பழகியது. லென்ஸின் குறைகளும் பழகின. ஒளித்துளையை முழுக்கத் திறந்து எடுத்தால் ஓரங்கள் கொஞ்சம் குழையும். ஜன்னல் விளிம்பில் ஊதாக் கோடு ஒன்று ஓடும். அக்கா ஜோடியை ஜன்னலை விட்டு இரண்டு படி கீழே இறக்கி நிறுத்தினார். மற்றவர்களின் கேமராக்கள் அந்த இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தடுமாறும்போது, அக்கா பெண்ணின் இமையில் வளையத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கணவர் மாதிரி சிரிக்க வைக்க அவருக்குத் தெரியாது. சும்மா நிற்க விடுவார். சிரித்துச் சிரித்து அலுத்துப்போய், 'அப்பாடா, முடிந்தது' என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நேரத்தில் எடுப்பார். ஜோடிகள் தேடி வர ஆரம்பித்தார்கள்.

பிரிண்ட் மட்டும் கொழுந்தனார் கடையில்தான். அதில் அக்கா வித்தியாசம் பார்க்கவில்லை. அங்கேதான் வினை வந்தது.

ஒருநாள் பகலில் கொழுந்தனார் படிக்கட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணி, ஒரு நிமிஷம் கடைக்கு வாங்க. வெளியூர்ல இருந்து ஒரு பெரிய மனுஷர் வந்திருக்காரு. அண்ணன் லென்ஸப் பாத்து வாங்க."

போனார். பழைய லென்ஸ்களைச் சேகரிக்கிறவர் ஒருவர், நரைத்த தலை, சாந்தமான முகம், அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் பெரிய அளவில் பிரிண்ட் போட்ட படங்கள். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாம் அவரே எடுத்தவை. புது லென்ஸில், இந்த ஒரு வருடத்தில்.

"அபாரம்மா" என்றார் வந்தவர். "இந்தப் பொண்ணு இமை பாருங்க. பின்னாடி படிக்கட்டு அப்படியே கரையுது. அந்தக் காலத்துக் கண்ணாடிலதான் இது வரும்."

கொழுந்தனார் அக்காவைப் பார்க்காமலே சொன்னார். "அண்ணிதான் எடுத்தாங்க. அண்ணனோட லென்ஸ்ல. அப்படித்தானே அண்ணி?"

ஒரு தலையசைப்பு போதும். குடும்பத்து மானம், வியாபாரம் எல்லாம் அந்தத் தலையசைப்புக்காகக் காத்து நின்றன. அக்கா பையைத் திறந்து கேமராவை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இதுல எடுத்தது. போன வருஷம் வாங்கினேன். அந்த அலமாரியில இருந்து இவர் எனக்குக் குடுத்தது பூஞ்சை புடிச்ச ஒண்ணுதான். அது வீட்டுல காகிதம் பறக்காம உக்காந்திருக்கு."

வந்தவர் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பக் கொடுத்தார். கொழுந்தனார் அக்காவைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

"ஒரு வார்த்தை அண்ணி. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"அவர் இருந்தப்ப நான் வாயத் தெறக்கல தம்பி. அவருக்குக் கண்ணு போனது யாருக்கும் தெரிய வேணாம்னு. அது அவருக்காக. இப்ப ஒரு கண்ணாடித் துண்டுக்காக நான் எதுக்கு இல்லாமப் போகணும்?"

"கண்ணு போச்சா? யாருக்கு?"

அப்போதுதான் அக்கா சொன்னார். மூன்று வருடம் படிக்கட்டில் கேமராவுக்குப் பின்னால் நின்றது யார் என்று. கொழுந்தனார் பிரிண்ட் மிஷின் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அத்தனை படங்களையும் பிரிண்ட் போட்டவர் அவர்தான்.

"அண்ணன் எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றார். அக்காவுக்கும் ஒரு கணம் மனம் இளகியது. ஆனால் நிற்கவில்லை. முன்கடைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த அந்த மூன்று வருடப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வந்தவர் எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், ஆடாமல்.

"சுவரே வெறிச்சுன்னு ஆயிருமே அண்ணி!"

"அதான் அத்தன லென்ஸ் இருக்குல்ல தம்பி. எடுத்து மாட்டிக்குங்க."

கணவர் பார்வையோடு இருந்த காலத்தில் எடுத்த படங்களைத் தொடவில்லை. அவை அவருடையவை. அதில் அக்காவுக்குக் குழப்பமே இல்லை.

அந்தச் சேகரிப்பாளர் லென்ஸ்களில் இரண்டை வாங்கிக்கொண்டுதான் போனார் என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பழசு பிடிக்கும், அவ்வளவுதான். அதில் எடுத்த படம் எப்படி இருந்தால் அவருக்கு என்ன? இதைக் கேட்டபோது அக்கா சிரித்துவிட்டார். "நான் உண்மையச் சொன்னதால அவருக்கு ஒண்ணும் ஆகல பாரு. இவருதான் பயந்து செத்தாரு."

சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. புருஷன் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். நாத்தனார் வீடேறி வந்து கத்திவிட்டுப் போனார். அக்கா அவருக்குக் காபி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பொறுத்து, "கெட்டது எதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவருக்குக் கண்ணு தெரியாததா, எனக்குத் தெரிஞ்சதா?" என்று கேட்டார். நாத்தனார் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இப்போது பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஸ்டுடியோவிலிருந்து நாலு கடை தள்ளி, அக்காவுக்குச் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. கழற்றிக்கொண்டு வந்த படங்கள் அங்கே மாட்டியிருக்கின்றன. மூலையில் இருந்த பழைய முத்திரையை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டார், கறுப்பு மையில், கொட்டை எழுத்தில். கொழுந்தனார் மிச்சமிருந்த லென்ஸ்களை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, தானே படிக்கட்டில் வந்து நின்று படம் எடுக்கப் பழகுகிறார். இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. போன வாரம் அவர் எடுத்த படம் ஒன்று ஸ்டுடியோ வாசலில் தொங்கியது. அக்கா நாலு கடை நடந்துபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டோம்.

"காது நல்லா வந்திருக்கு" என்றார்.